வீட்டு மிஸ்

கையைத் தூக்கிவிட்டேன். என் கை மடியில்தான் கிடக்கிறது, தூக்கியது திரையில் இருக்கிற மஞ்சள் கை. அதைத் தூக்கி வைத்தால் ரேணு மேடம் கண்ணில் படும், முறை வரும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவார், அப்போது மைக்கைத் திறந்து சந்தேகத்தைக் கேட்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெற்றோருக்கான பயிற்சி வகுப்பு இது, சனிக்கிழமை காலைகளில் நடக்கிறது. எனக்கு முன்னால் இன்னும் சில மஞ்சள் கைகள் நிற்கின்றன. இப்போது சேலத்துக்காரர் ஒருவர் பேசுகிறார், அவர் மகள் தோட்டத்தில் மண் அடுப்பு கட்டி, கட்டியபடியே பின்னம் கற்றுக்கொண்டுவிட்டாளாம். அடுப்பில் பின்னம் எங்கே வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். என் வீட்டு அடுப்பில் குக்கர்தான் இருக்கிறது, பருப்பு வேகிறது, மைக்கைத் திறக்கும் நேரம் பார்த்து அது விசில் அடிக்கப்போகிறது, மானம் போகப்போகிறது. கேட்க வேண்டியதை நேற்றிலிருந்து ஒரே வாக்கியமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். மேடம், என் பொண்ணு என்னை அம்மான்னு கூப்பிடறதில்ல. இவ்வளவுதான். ஆனால் சொல்லிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எங்கேயோ இடிக்கிறது. கூப்பிடுவதில்லை என்றால் குற்றம் அவள் மேல் போகிறது. ஏழு வயதுப் பிள்ளை மேல் என்ன குற்றம்? நான் அவளுக்கு அம்மாவா இல்லாமப் போயிட்டேன் மேடம் என்று மாற்றிப் பார்த்தேன். அது டி.வி. சீரியலில் வருகிற வசனம், அப்படிப் பேசினால் சேலத்துக்காரர் வீடியோவை அணைத்துவிட்டுச் சிரிப்பார். முதல் வாக்கியமே இருக்கட்டும் என்று திரும்பவும் அதற்கே வந்தேன்.

ஹாலில் மிருதுளா வரைந்துகொண்டிருக்கிறாள். சத்தமே இல்லை. போன வருஷம் இந்த வீட்டில் சத்தம் இல்லையென்றால் எனக்குப் பகீரென்று இருக்கும், மாவுப் பாத்திரத்தில் கையை விட்டிருப்பாள், இல்லை என் பவுடரை நாற்காலிக்குப் பூசியிருப்பாள். இப்போது சத்தமில்லாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. காலைப் பாடத்தை முடித்துவிட்டு, எனக்கு இன்னைக்குக் கிளாஸ் இருக்கு, நீ வரைஞ்சுக்கிட்டு இரு என்று சொன்னபோது, "உங்களுக்கு யாரு மிஸ்?" என்றாள். ரேணு மேடம் என்றேன். "அடிப்பாங்களா?" ச்சே, இல்லை என்றேன். "நீங்க ஹோம்வொர்க் முடிச்சிட்டீங்களா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பதிலுக்காக நின்றாள். உங்களுக்கு. நீங்க. முடிச்சிட்டீங்களா. இந்த 'ங்க' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? வாம்மா, குடும்மா, எங்கம்மா வெச்ச, போ உன் பேச்சு கா என்று காலைக் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை. பால் குடும்மா என்பது பால் குடுங்க ஆகிவிட்டது. கீழ் வீட்டு மல்லிகா அக்காவுக்கு இதைக் கேட்டு ஒரே பூரிப்பு. "பாரேன், பெத்த தாயையே எவ்வளவு மரியாதையாப் பேசுது! எங்க வீட்டுலயும் இருக்குதுங்களே ரெண்டு, என்னைப் பேர் சொல்லாத குறை" என்றார். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். மரியாதை யாருக்கு வேண்டும்? கடைக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை, கண்டக்டருக்குக் கொடுக்கிற மரியாதை. எங்கள் வீட்டில் அப்பாதான் நீங்க, அம்மா எப்போதும் நீ. நான் என் அம்மாவை நீ என்றேன், அவள் அவளுடைய அம்மாவை நீ என்றாள். நீ என்று சொல்ல ஆளில்லாத வீடு என்ன வீடு என்று தோன்றுகிறது.

பள்ளியிலிருந்து நிறுத்தியது நான்தான். அவள் அப்பா ரகு ஒத்துக்கொண்டான், ஆனால் பிடிவாதம் பிடித்தது நான். இரண்டாம் வகுப்பு. வகுப்புக்குள் தமிழ் பேசக்கூடாது, பாத்ரூம் போக வேண்டுமென்றால் எழுந்து நின்று மிஸ், மே ஐ கோ டு த டாய்லெட் ப்ளீஸ் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியும். வீட்டில் தூக்கத்தில்கூடச் சொல்வாள். அன்றைக்கு எழுந்து நின்றவளுக்கு மிஸ் என்ற சொல்லுக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. சுண்டு விரலைக் காட்டியிருக்கிறாள். ஃபுல் சென்டென்ஸ் என்றார்களாம். மிஸ், மிஸ் என்றே நின்றிருக்கிறாள். நின்ற இடத்திலேயே போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆயா வந்து துடைத்தார், நனைந்த பாவாடையைப் பையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள். அந்த மிஸ் கெட்டவர் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு மிருதுளா பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள், குடித்தால்தானே போகவேண்டும் என்று கணக்கு. நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுத்தாள். வீட்டிலும் பேச்சு குறைந்தது. அப்போதுகூட அம்மா என்றாள். அதை நினைத்துக்கொள்ள வேண்டும். வலிக்குதும்மா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேலேயே சாய்ந்தாள், நீ தடவி விடும்மா என்றாள். தடவிக்கொண்டே சொன்னேன், இனிமேல் நீ அங்கே போக வேண்டாம், அம்மா இருக்கேன், அம்மாவே சொல்லிக்குடுக்கிறேன் என்று. எவ்வளவு தைரியம் எனக்கு.

நிறுத்துவது சுலபமாக இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. நான் படித்தது பி.காம்., கல்யாணத்துக்கு முன்னால் ஜவுளிக்கடையில் பில் போட்டேன். ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எதை முதலில், எதை அப்புறம், அழுதால் என்ன, அடம்பிடித்தால் என்ன, யாராவது எனக்குச் சொல்லித்தர வேண்டாமா? தையலுக்குப் பயிற்சி இருக்கிறது, கார் ஓட்ட இருக்கிறது, மணப்பெண் அலங்காரத்துக்கு இந்த வயலூர் ரோட்டிலேயே தடுக்கி விழுந்தால் ஒன்று. கல்வி அலுவலகத்தில் போய் விசாரித்தேன். "பாப்பா எந்த ஸ்கூலும்மா?" என்றார் அங்கே இருந்தவர். வீட்டுல படிக்குதுங்க சார். "அது சரிம்மா, ஸ்கூல் எது?" வீடுதான் சார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "டீச்சராகணும்னா கோர்ஸ் இருக்கு, அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும். பெத்தவங்களுக்குன்னு எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்லம்மா" என்றார். ரெண்டு வருஷம் கழித்து நான் டீச்சராகும்போது இவளுக்கு மீசையே முளைத்துவிடும் என்று ரகு சிரித்தான், பொண்ணுக்கு ஏதுடா மீசை என்று நானும் சிரித்தேன், அப்போது சிரிக்க முடிந்தது. இணையத்தில் தேடினால் வெள்ளைக்காரப் பெண்கள் வருகிறார்கள், அவர்கள் சமையலறையே நம் வீட்டு ஹாலைவிடப் பெரிசு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, அதைக் கிண்ணத்தில் அள்ளிவந்து உருகவைத்து அறிவியல் சொல்கிறார்கள். என் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்து வழிகிறது, மோட்டாரை நிறுத்த ஆளில்லை. கடைசியில் ஒரு வாட்ஸப் குழு கிடைத்தது, வீடே பள்ளி என்று பேர். பொண்ணு பாடம்னாலே அழுவுறா, என்ன செய்யறது என்று போட்டேன். நம்பிக்கையோட இருங்க சிஸ் என்று ஒருவர், கும்பிடுகிற கை இரண்டு, ஒரு ரோஜாப்பூ. அந்தக் குழுவில்தான் ரேணு மேடத்தின் வகுப்பு பற்றித் தெரிந்தது, உடனே சேர்ந்துவிட்டேன்.

சேலத்துக்காரர் முடித்துவிட்டார். ரேணு மேடம், "ரொம்ப அழகு. குழந்தையை அழகா அது போக்குல விட்டிருக்கீங்க" என்கிறார். அவருக்கு எல்லாமே அழகு. அழகா கவனிங்க, அழகா காத்திருங்க, அழுதா அழகா அழவிடுங்க. மலையடிவாரத்தில் வீடு, பின்னால் பலாமரம் தெரிகிறது, அவருக்கு அப்படித்தான் தெரியும். நான் இருக்கும் இடத்தில் எதுவும் அழகாக நடக்கவில்லை. ஆனால் அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, முதல் வகுப்பில் அவர் சொன்னது நல்ல யோசனைதான். நாளெல்லாம் நீங்களே இருக்கீங்க, எது பாட நேரம் எது அம்மா நேரம்னு குழந்தைக்குக் குழப்பம் வரும், ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பாட நேரத்தில் மட்டும் ஒரு துப்பட்டாவோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிஸ் என்று கூப்பிடச் சொல் என்று அவர் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. துப்பட்டா போட்டால் யார் மதிப்பார்கள்? நம் ஊரில் மிஸ் என்று ஒரு சத்தம் இல்லாமல் பாடம் நடந்து நான் பார்த்ததில்லை. ரகு பழைய கம்பெனியில் போட்ட ஐ.டி. கார்டு கயிறு, நீலக் கயிறு, அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இது போட்டிருந்தா நான் மிஸ், கழட்டிட்டா அம்மா என்றேன். அவளுக்கு ஒரே குஷி. எழுந்து நின்று குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ் என்று ராகம் போட்டாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் அந்த வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். சிட் டவுன் என்றேன். உட்கார்ந்தாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்து, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கே தப்பியது என்று திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதுதான் வம்பே. அம்மாவிடம் அவள் ஒரு வரி வாசிக்க மாட்டாள், கொட்டாவி விடுவாள், தலைமுடியை அவிழ்ப்பாள், மடியில் சரிவாள். மிஸ்ஸிடம் ஒரு பக்கம் வாசித்தாள். றகரமும் ரகரமும் மாறாமல் எழுதினாள். அம்மா சொன்னால் சாப்பாட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பாள், ஒரு நாள் கயிற்றைக் கழற்ற மறந்து சோறு போட்டேன், தட்டைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கே ருசி கண்டுவிட்டேன். பிறகு சாப்பாட்டு நேரத்திலும் கயிறு. குளிக்க அடம் பிடித்தால் கயிறு. மதியம் தூங்கவைக்கக் கயிறு. மிஸ்ஸிடம் அவள் அடம் பிடிப்பதில்லை, மிஸ்ஸுக்கு இடுப்பு வலிப்பதில்லை, மிஸ் கத்தவே வேண்டியதில்லை. நானும் மனுஷிதானே, நாளெல்லாம் தனியாக ஒரு பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறேன், சுலபமாக ஒன்று கையில் கிடைத்தால் விடுவேனா. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். மிஸ் வந்தால் அம்மாவைக் காணோம். ஆனால் அம்மா வந்தபோது? ஒரு நாள் சாயங்காலம் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் என்னிடம் வந்தாள், முதலில் கழுத்தைப் பார்த்தாள், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கொஞ்சம் திணறினாள், பிறகு ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல், "பால் குடுங்க" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான். கயிறு இருந்தால் மிஸ். இல்லாவிட்டால் மொட்டையாகக் குடுங்க, வாங்க, பாருங்க. பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன், குழந்தைதானே, மறந்துவிடும் என்று. பக்கத்தில் உட்கார்த்தி, நான் அம்மாடி, அம்மான்னு சொல்லு என்றேன் ஒரு நாள். "சரிங்க" என்றாள்.

குக்கர் விசில் அடிக்கிறது. எழுந்து போய் அணைக்கலாம், அதற்குள் பேர் கூப்பிட்டுவிட்டால்? போகட்டும், பருப்பு குழைந்தால் குழையட்டும். ஓசூரிலிருந்து ஓர் அம்மா பேசுகிறார், அவர் பிள்ளைக்குக் கணக்கு வராதாம். கணக்கு. எனக்குக் கணக்குதான் பிரச்சினை என்றால் இந்நேரம் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பேன். போன வாரம் நடந்ததை இவர்களிடம் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. அவளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு நான் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ பயிற்சிக் காணொளி அனுப்பியிருந்தார்கள், பிள்ளையின் உடல்மொழியைக் கவனிப்பது எப்படி என்று. சிரிப்பு வருகிறது. அதைப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் எழுந்து நிற்கிறாள். சுண்டு விரல் தூக்கியபடி இருக்கிறது. தொடை இரண்டையும் இறுக்கிக்கொண்டிருக்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. போடி, போ, ஓடு என்று கத்தினேன். ஓடினாள். நல்லவேளை, அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் தேவலை என்று பிறகு தோன்றியது, ஆகியிருந்தால் துடைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். திரும்பி வந்தவள், "தேங்க்யூ மிஸ்" என்றாள். என் வீட்டில், என் பாத்ரூமுக்கு, என் பிள்ளை என்னிடம் அனுமதி கேட்டு நின்றிருக்கிறாள். அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், எந்த இடத்திலிருந்து ஓடினேனோ அதையே ஹாலில் கட்டி வைத்திருக்கிறேன். ரகுவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும்.

ரகு கெட்டவன் இல்லை. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவன், இன்றைக்குக்கூடக் கரூருக்குப் போயிருக்கிறான். "ஜூன்ல ஸ்கூல்ல போட்டுருவோம் இந்து. வேற ஸ்கூல் பாப்போம். உன்னைக் கண்ணாடியில பாத்தியா, ஆளே பாதியாயிட்ட" என்கிறான். கொஞ்சம் டைம் குடு, டிரெயினிங் போய்க்கிட்டிருக்கேன்ல என்கிறேன். "டிரெயினிங் உனக்கா, அதுக்கா?" எனக்குத்தான். "அப்ப அதுக்கு என்ன ஆவுது?" என்று கேட்டான். வேறு ஸ்கூல் என்றால் வேறு மிஸ், வேறு முழு வாக்கியம். அவள் திரும்பவும் வாயை மூடிக்கொண்டால் இந்தத் தடவை திறக்கவே மாட்டாள். அனுப்பினால் பேச்சு போய்விடும். இங்கேயே வைத்துக்கொண்டால் நான் போய்விடுவேன், போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இடி, மத்தளம்கூட ஒரு சத்தமாவது போடும். ரேணு மேடத்திடம் ஒரு வழி இருக்கும். இருக்க வேண்டும். இத்தனை பிள்ளைகளைப் பார்த்தவர், யாராவது ஓர் அம்மா என்னைப்போல் கிறுக்குத்தனம் செய்துவிட்டு வந்து நின்றிருப்பாள், அவளுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லட்டும். அழகா என்று ஆரம்பித்தாலும் பரவாயில்லை. ஓசூர்க்கார அம்மா முடித்துவிட்டார், இனி நான்தான். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிகிறது, எண்ணெய் வழிகிறது, முந்தானையைச் சரி செய்யக் கையைக் கொண்டுபோனால் கழுத்தில் நீலக் கயிறு. காலைப் பாடம் முடிந்த அவசரத்தில் கழற்றவே இல்லை. இவ்வளவு நேரமும் இதை மாட்டிக்கொண்டா எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்? கழற்றப் போனேன்.

"மிஸ்."

வாசலில் நிற்கிறாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், கால்கூட இந்தப் பக்கம் வைக்கவில்லை. "உள்ள வரலாமா மிஸ்?" வா என்றேன். திரையில் ரேணு மேடம், "அடுத்து இந்துமதி, திருச்சி. சொல்லுங்க இந்துமதி" என்கிறார். மிருதுளா மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள், முகங்களைப் பார்த்தாள். "நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குமா?" கேட்காது, இன்னும் மைக் திறக்கலை என்றேன். பக்கத்தில் வந்து என் காதருகே வாயை வைத்தாள். வண்ணப் பென்சில் வாசனை, தலையில் நான் தேய்த்த எண்ணெய் வாசனை. இவ்வளவு பக்கத்தில் அவள் வந்து எத்தனை நாளாகிவிட்டது. கட்டிக்கொள்ளத்தான் கை போனது, அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும் மிஸ். நீங்க அம்மாகிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா அழுவாங்க."

"என்ன சொல்லணும்?"

"நான் ஸ்கூலுக்கே போறேன்னு."

"ஏண்டா? உனக்குத்தான் அங்க பிடிக்காதே."

"பிடிக்காதுதான்." முகவாயை என் தோளில் வைத்துக்கொண்டாள். "ஆனா அங்க ஸ்கூல் விட்டா அம்மா வருவாங்க. கேட் பக்கத்துல நிப்பாங்க. பைய வாங்கிக்குவாங்க. இங்க ஸ்கூல் விடவே மாட்டேங்குது மிஸ்."

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கழற்றி எறிந்துவிட்டு, இங்க பாருடி, நான்தான்டி, இங்கதான்டி இருக்கேன் என்று கத்த வேண்டும், அவளை வாரி எடுக்க வேண்டும். எடுத்தால்? மிஸ்ஸை நம்பித்தானே சொன்னாள். இந்த நிமிஷம் கயிறு கழன்றால் அவள் யார் முகத்துக்கு நேரே சொல்லப் பயந்தாளோ அந்த அம்மா முன்னாலேயே சொன்னதாகிவிடும். அழுவாங்க என்று சொன்னாளே, அழுகையும் முட்டிக்கொண்டு வருகிறது. அழக்கூடாது. மிஸ் அழமாட்டாள். கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"மெதுவா சொல்லுங்க மிஸ். திட்டுற மாதிரி சொல்லாதீங்க."

"இல்லடா, திட்ட மாட்டேன்."

"இன்னைக்கே சொல்லுவீங்களா?"

"இன்னைக்கே சொல்றேன்."

"தேங்க்யூ மிஸ்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நிம்மதியாக ஹாலுக்குப் போனாள், போகும்போது கதவைக்கூட ஒருக்களித்துவிட்டுப் போனாள், மிஸ்ஸுக்குக் கிளாஸ் இருக்கிறதல்லவா. திரையில் எல்லா முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரேணு மேடம், "இந்துமதி, உங்க குரல் வரலையே" என்றார். மைக்கைத் திறந்தேன். ஒரு சந்தேகம் இருந்துச்சு மேடம், இப்ப இல்ல என்று சொல்லிவிட்டு, மஞ்சள் கையைக் கீழே இறக்கினேன். மிருதுளாவின் அம்மாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.